எலியைப் பிடித்த பையன்களும் என் இரண்டாம் ஆண்டு மாணவிகளும்

நர்சிங் மாணவிகளிடம் டிரெஸ்ஸிங் பற்றிக் கேட்டுப் பாருங்கள். டெஃபனிஷன், பர்பஸ், ஆர்ட்டிகிள்ஸ், ப்ரொசீஜர், ஆஃப்டர் கேர் என்று மூச்சு விடாமல் வரும். ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கிட்னி ட்ரேயும் ஆர்டரி ஃபோர்செப்ஸும் வரைந்து, பார்க்கவே அழகாக வைத்திருப்பார்கள். அதே பிள்ளைகளை வார்டுக்குக் கூட்டிப்போய் ஒரு தாத்தாவின் கால் கட்டை அவிழ்த்தால், ஒருத்தி கண்ணும் புண்மேல் இருக்காது. எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். மேம் என்ன சொல்லப்போகிறார், எழுதிக்கொள்ளலாம் என்று பேனா தயாராக இருக்கும்.

அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடவைக்க நான் என்ன செய்கிறேன் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. நான் அரக்கோணத்துக்காரி. காலையில் காட்பாடி பக்கம் போகும் ரயிலைப் பிடித்து ஓடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் வகுப்பில் அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா, ஆற்காடு, பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று எல்லா ஊர்ப் பெண்களும் உண்டு. பாதிப் பேர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ தோல் தொழிலில் இருக்கிறார்கள். அப்பா டேனரி, அம்மா ஷூ கம்பெனி ஸ்டிச்சிங் செக்ஷன் என்பது இங்கே சர்வ சாதாரணம். ஆகவே புண் இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. சுண்ணாம்புத் தொட்டியில் கைவைத்துத் தோல் உரிந்த மாமா, ஃபிளெஷிங் மெஷினில் விரலைக் கொடுத்த சித்தப்பா, தையல் மெஷின் ஊசி நகத்தைத் துளைத்த அக்கா. குரோமியம் உப்பு பட்டுப்பட்டு விரல் இடுக்கில் வட்டமாக, குழியாக விழும் புண்ணை அவர்கள் பாட்டி காலத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் வகுப்புக்குள் நுழைந்ததும் இதையெல்லாம் வாசலில் விட்டுவிட்டு, புத்தகத்தில் இருக்கும் புண்ணை மட்டும் படிக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

இப்போது ஒரு பழைய கதை. நம் வேலூரில் நடந்தது.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரி பெற்றோரின் பிள்ளை. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனவர், மடங்கிப்போன கைகளைக் கண்டு, இவற்றைச் சரிசெய்ய ஏன் யாரும் முயலவில்லை என்று கேட்டதில் தொடங்கியது எல்லாம். தசைநாண்களை இடம் மாற்றிவைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் உலகப்பெயர் பெற்றார். அந்தப் பக்கத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். நர்ஸுகளுக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த இளைஞர்கள் தொழில் கற்றுக்கொண்டு தங்குவதற்காக சி.எம்.சி. வளாகத்தில் குடிசைகளோடு ஓர் இடம் அமைத்தார்கள். பெயர் நவஜீவ நிலையம். கை நிமிர்ந்துவிட்டது, வேலையும் செய்கிறார்கள், ஆனால் விரல்களில் ஓயாமல் புண். அந்தக் காலத்தில் டாக்டர்களே என்ன நம்பினார்கள் என்றால், தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகும், விரல் தானாக உதிரும். பிராண்டுக்கு அதில் சந்தேகம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் திணற, ஒல்லியான பையன் ஒருவன் வாங்கிச் சாவியை ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு வரை கிழித்திருந்தது, அவனுக்கோ தெரியவே இல்லை.

அதன்பிறகு அந்தப் பையன்களும் பிராண்டும் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். தினமும் ஒருவர் கையையும் காலையும் மற்றவர் பார்ப்பது. புதுப்புண் ஏதாவது இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் சேர்ந்து தேடுவது. சுத்தியல் பிடியா, சூடான பாத்திரமா, செருப்பு ஆணியா? ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் கிடைத்தபடியே வந்தது. ஒரு மர்மம் மட்டும் மிச்சம். ராத்திரி படுக்கும்போது முழுசாக இருந்த விரலில் காலையில் ஒரு துண்டைக் காணோம். ஆள் போட்டுக் கண்விழித்துப் பார்த்தார்கள். எலி! உணர்ச்சியில்லாத விரலை எலி கடித்துத் தின்றிருக்கிறது, தூங்குகிறவனுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அங்கே பூனை வளர்த்தார்கள், வீடு திரும்புகிறவர்கள் கையிலும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

படித்த டாக்டர்களும் நர்ஸுகளும் வெகுகாலமாகத் தப்பாகச் சொல்லிவந்ததை, மருத்துவம் படிக்காத பையன்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பார்த்துத் திருத்தினார்கள். புண் பராமரிப்பில் குழுவாகக் கற்றல் என்று யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால், முதல் உதாரணம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டாம், வேலூரிலிருந்து வரட்டும்.

அமெரிக்க உதாரணமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1971-ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது வகுப்புக்குள் அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்து தனியாகக் கூடி அதை நன்றாகப் படிப்பார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். பரீட்சை மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியாக, முழுப் பாடத்துக்கும். பக்கத்தில் இருக்கிறவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்காவிட்டால் தேற முடியாது. ஜிக்சா என்று பெயர் வைத்தார்.

இதை விளக்க ஆரம்பித்ததும் என் வகுப்பில் ஒரு பெண், "மேம், இது ஏ.பி.எல். தானே?" என்றாள். வகுப்பே கலகலத்துவிட்டது. ஆமாம்! 2003-ல் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில வருடங்களில் தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதன் மூலம் இங்கிருந்து தூரமில்லாத மதனப்பள்ளி ரிஷிவேலிப் பள்ளி. ஏணிப்படி, அட்டை, பாயில் வட்டமாக உட்காருவது, தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லித்தருவது, எல்லாவற்றையும் என் மாணவிகள் ஒன்றாம் வகுப்பிலேயே செய்திருக்கிறார்கள். அப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது வந்து மார்க், புளூ பிரிண்ட், ஒன்வேர்டு என்று அதை மறக்கவைத்துவிட்டோம். நான் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை.

என் வகுப்பில் இப்படி நடக்கிறது. ஐந்து பேர் ஒரு குழு. ஒருத்திக்குப் புண்ணைப் பார்ப்பதும் அளப்பதும். தலைப்பக்கம் 12 மணி, பாதப்பக்கம் 6 மணி என்று வைத்து நீளம், அகலம், பஞ்சு சுற்றிய குச்சியால் ஆழம், எத்தனை பங்கு சிவப்பு, எத்தனை மஞ்சள், எத்தனை கறுப்பு, ஓரம் எப்படி, நீர் எவ்வளவு. இரண்டாமவளுக்குக் கழுவுவதும் கட்டுப்பொருளும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்கினால்தான் சுத்தமாச்சு என்று நினைக்கிறோமே, அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்துக் கெடுக்கிறது என்பதை அவள் விளக்க வேண்டும். மூன்றாமவளுக்குக் காரணம் தேடுவது: அழுத்தமா, ரத்த ஓட்டமா, உணர்ச்சிக் குறைவா? நான்காமவளுக்குச் சாப்பாடும் சர்க்கரையும். ஐந்தாமவளுக்கு வலி, பேச்சு, வீட்டுக்காரர்கள், கடைசியாகச் சார்ட்டில் எழுதுவது.

பழகுவதற்குப் புண் வேண்டுமே? மாடல் பொம்மை வாங்க எல்லாக் கல்லூரிக்கும் வசதி இல்லை. நாங்கள் மைதா மாவில் வாசலின் கலந்து பிசைந்து கையில் ஒட்டிக் குழி செய்கிறோம். உள்ளே குங்குமம் குழைத்துத் தடவினால் ஆறிவரும் சதை. கடலை மாவைக் கொஞ்சம் கொழகொழவென்று கரைத்து வைத்தால் மஞ்சள் அழுக்குச் சதை. காபித்தூளை அழுத்தினால் செத்த கறுப்பு. தையல் பிரிக்கப் பழக, ஆம்பூர்ப் பெண்கள் ஷூ கம்பெனிக் கழிவில் வரும் மெல்லிய அப்பர் தோல் துண்டுகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். ஸ்பாஞ்சில் தைத்துப் பிரிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஒருநாள் வார்டில் படுத்த படுக்கையான ஒரு பாட்டியின் குதிகாலில் காய்ந்த கறுப்புப் பொருக்கைப் பார்த்து ஒரு பெண் சொன்னாள், "எங்கப்பா கம்பெனி லெதர் மாதிரி இருக்கு மேம்." பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. குதிகாலில் அது காய்ந்து, இறுகி, சுற்றிலும் சிவப்பும் சீழும் இல்லாமல் இருந்தால் சுரண்டாமல் விட வேண்டும், அதுவே மூடி. இதை நான் போர்டில் எழுதியிருந்தால் அவள் மறந்திருப்பாள்.

இனி ஒரு கேஸ். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகப் பலருடைய விவரங்களைக் கலந்து நானே கட்டியது. ஷூ கம்பெனியில் தைக்கும் அம்மா, வயது நாற்பதைத் தாண்டியது, பல வருடமாகச் சர்க்கரை. வலது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே புண். 2 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம், அரை செ.மீ. ஆழம். வலி இல்லை. தினம் டிரெஸ்ஸிங் நடக்கிறது, மாத்திரை போகிறது, மாதக்கணக்கில் ஆறவில்லை. ஏன்?

பத்து நிமிடம் எல்லாக் குழுவும் ஆன்டிபயாட்டிக் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு குழுவில் அளக்கும் பெண், "ஓரம் வெள்ளையா, தடிப்பா இருக்குன்னு போட்டிருக்கு. இன்ஃபெக்ஷன்னா இப்படி ஏன் தடிக்கணும்?" என்றாள். காரணம் தேடும் பெண், "ஆணி மாதிரி தடிச்சா அங்க அழுத்தம் விழுதுன்னு அர்த்தம்" என்றாள். இன்னொருத்தி 10 கிராம் மோனோஃபிலமென்ட் ரிசல்ட்டைப் படித்தாள். கண்ணை மூடச்சொல்லி, நைலான் இழை வளையும்வரை பாதத்தில் அழுத்தினால் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை. இந்த அம்மாவுக்கு முன்பாதத்தில் எங்குமே தெரியவில்லை. அப்போதுதான் ஆம்பூர்க்காரி கேட்டாள், "வலது கால்தானே மேம்? பெடல்."

ஒரு நிமிடம் வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் அம்மா அதே வேலை செய்கிறவர். நாள் முழுக்க வலது முன்பாதத்தால்தான் மெஷின் பெடலை மிதிக்க வேண்டும். சோளிங்கர்ப் பெண் இன்னொன்றைச் சேர்த்தாள். கம்பெனி பஸ் ரோட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து ஊருக்குள் நடை, அதுவும் தேய்ந்த ரப்பர் செருப்பில். ஆக, என்னதான் பெட்டாடினை மாற்றி மாற்றிப் போட்டாலும் இந்தப் புண் ஆறப்போவதில்லை. காலிலிருந்து பாரத்தை இறக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் பேசி வேறு மேஜைக்கு மாற்ற முடியுமா, கால் மாற்றி மிதிக்க முடியுமா, வேறு செருப்பு வேண்டுமா என்று பேச்சு போனது. அந்தப் பெடல் எந்த நர்சிங் புத்தகத்திலும் இல்லை.

பிராண்ட் கண்டதும் இதைத்தான். பாதப் புண்ணை மாவுக்கட்டுக்குள் வைத்து மிதி படாமல் காத்தால் தொழுநோயாளியின் சதையும் எல்லார் சதையையும்போல ஆறியது. 1930களிலேயே கொழும்பில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் இந்த மாவுக்கட்டு முறையைக் கையாண்டிருக்கிறார். 1955-ல் காட்பாடி பக்கம் கரிகிரியில் தொடங்கிய ஷெஃப்லின் தொழுநோய் ஆய்வு மையம் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புக்குப் பெயர் போனது. மெத்தென்று இருக்கும் அந்த எம்.சி.ஆர். செருப்பை இன்று சர்க்கரைக்காரர்களும் போடுகிறார்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் இந்தப் பகுதியில், புண் வராமல் காக்கும் செருப்பும் இங்கேயே உருவானது என்பதை என் மாணவிகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை இருக்கிறது. தொழுநோய் வார்டில் கற்றது இனி ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டுக் குழுவின் பாடு தனிக்கதை. நம் ஊரில் புண் என்றாலே பத்தியம். முட்டை கூடாது, மீன் கூடாது, கத்திரிக்காய் கூடாது, புளிப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும். சதை வளரப் புரதம் வேண்டும், வைட்டமின் சி வேண்டும். நாமோ முட்டையையும் எலுமிச்சையையும் நிறுத்திவிட்டு வெறும் சோறு போடுகிறோம். "பாட்டி, இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு பெண் நடித்துக்காட்டினாள். பாட்டியாக நடித்தவள் எழுந்து போயேவிட்டாள்! இரண்டாவது தடவை இன்னொருத்தி, "ஆயா, முட்டை வேணாம்னா வேணாம். பயறு, சுண்டல் சாப்புடுவீங்களா? நெல்லிக்காய்?" என்று ஆரம்பித்தாள். ஆயா இறங்கி வந்தார். அடுத்தது, 'காத்தாட விடு, காயட்டும்.' 1962-ல் ஜார்ஜ் வின்டர் லண்டனில் பன்றிகளின் மேல்தோல் காயத்தை வைத்துப் பார்த்தபோது, காயவிட்டதைவிட மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்தது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. இது அறுபது வருடத்துக்கு மேற்பட்ட செய்தி. இன்னும் நம் வார்டுகளிலேயே காயவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் குழுவில் விடலாமா? கூடாது. இதில் நான் பிடிவாதம். கை கழுவுவது, கிளவுஸ் போடுவது, ஸ்டெரைல் பொருளைத் தொடாமல் எடுப்பது, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குத் துடைப்பது, இவற்றைத் துண்டு போட்டுப் பங்கு கொடுக்க மாட்டேன். டெமோ காட்டுவேன், ஒவ்வொருத்தியும் ரீ-டெமோ கொடுக்க வேண்டும், செக்லிஸ்ட்டில் ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. கண்ணும் மூளையும் ஐந்து பேருக்குப் பொதுவாக இருக்கலாம். நைட் டியூட்டியில் தனியாக நிற்கிறவளுக்கு அவள் கை மட்டும்தான் உதவும். குழுக் கற்றலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பெரிதாகச் சொல்வதில்லை. தியரிக்குச் சரி என்றால் கைவேலைக்கும் சரி என்று போய்விடுகிறார்கள்.

தொல்லைகளும் உண்டு. நன்றாகப் படிக்கிறவள் எல்லாவற்றையும் தானே செய்து முடிப்பாள், வாய் பேசாதவள் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதனால் குழுவுக்கு மார்க் போடுவதில்லை. குழு பேசி முடித்ததும் யாரை எழுப்பிக் கேட்பேன் என்று யாருக்கும் தெரியாது, அதுவும் அவளுடைய துண்டிலிருந்து கேட்க மாட்டேன். ஒருத்தி தன் பகுதியைத் தப்பாகப் படித்துவந்தால் நாலு பேருக்கும் அந்தத் தப்பு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. எனவே துண்டுக் குழு கூடும்போது நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அவரவர் தங்கள் குழுவுக்குத் திரும்பிய பிறகுதான் எழுந்து போவேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வகுப்பில் சத்தம் அதிகம் என்று புகார் வந்தது, சிலபஸ் முடியவில்லை என்றும் வந்தது. சிலபஸ் விஷயம் உண்மைதான். இந்த முறையில் நேரம் கூடுதலாகத்தான் போகிறது. 2021-ல் செமஸ்டர் முறை வந்த பிறகு இன்னும் நெருக்கடி. ஆகவே எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்வதில்லை. புண், படுக்கைப்புண், சர்க்கரைப் பாதம், தீக்காயம், இந்த நான்குக்கு மட்டும். மற்றவை பழையபடி போர்டும் சாக்பீஸும்தான்.

இப்போதெல்லாம் வார்டில் கட்டை அவிழ்த்தால் முதலில் சத்தம் வருகிறது. "ஓரத்தைப் பாருடி", "செருப்பு எங்க, செருப்பைக் காட்டச் சொல்லு." போன மாதம் ஒரு தாத்தா, "இன்னா கண்ணு, காலைப் பாக்காம செருப்ப பாக்கறீங்க?" என்று சிரித்தார். செருப்புக்குள் ஒரு சின்ன ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும் டியூட்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் புண் எங்கிருந்து வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி, சிவகாசியில் பட்டாசு மருந்து, தூத்துக்குடியில் உப்பளம், டெல்டாவில் சேறு. நோயாளி பெயர், ஊர், படம் எதுவும் வேண்டாம், வேலையும் புண்ணும் மட்டும் போதும். அதை வைத்துப் புதுக் கேஸ்கள் எழுதி இங்கேயே போடுகிறேன், யார் வேண்டுமானாலும் வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். தையல் பழகத் தோல் துண்டு வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆம்பூர்ப் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது.